கோடும் காலும்

(காரைக்காலில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களே, நான் தவறாகச் சொன்னால் திருத்துவதற்கென்றே முன்வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் பெரியவர்களே, சீக்கிரம் முடித்தால் நல்லது என்று பின்வரிசையிலிருந்து பார்க்கும் மாணவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

உள்ளே வருவதற்கு முன் வாசலில் நிற்கும் வண்டிகளைக் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தேன். பெரும்பாலும் பி.ஒய். 02. நடுநடுவே டி.என். 51, டி.என். 82, டி.என். 50. அதாவது காரைக்கால், நாகப்பட்டினம், மயிலாடுதுறை, திருவாரூர். பலகையைப் பார்த்தால் நான்கு ஊர், இரண்டு அரசாங்கம். ஓட்டி வந்தவர்களைப் பார்த்தால் அண்ணன் நிரவியில், தங்கை நாகூரில், பெண் எடுத்தது பேரளத்தில். வாசலில் ஒன்றாக நிற்கும் இந்த வண்டிகள்தான் இன்றைய என் பேச்சின் பொருள்.

காரைக்கால் மாவட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 160 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பின்படி மக்கள் தொகை 2,00,222. ஒரு நகராட்சி, திருநள்ளாறு, நிரவி, திருமலைராயன்பட்டினம், நெடுங்காடு, கோட்டுச்சேரி என்று ஐந்து கொம்யூன் பஞ்சாயத்துகள். கிழக்கே கடல். மற்ற மூன்று பக்கமும் தமிழ்நாடு. நம் தலைநகரமான புதுச்சேரி 130 கிலோமீட்டருக்கு அப்பால், இன்னொரு மாநிலத்தைக் கடந்தபிறகு இருக்கிறது. சைக்கிளில் ஒரு மதியப் பொழுதில் குறுக்கே கடந்துவிடக்கூடிய நிலம் இது.

இந்த ஊரைப் புரிந்துகொள்ள இரண்டு சொற்கள் எனக்குப் போதும். ஒன்று கோடு, 1739இல் வரைந்தது. இன்னொன்று கால், ஊர்ப் பெயரிலேயே இருக்கிறது. காரை என்பது செடியா, சுண்ணாம்புக் காரையா என்று அறிஞர்கள் வாதிடுவார்கள், வாதிடட்டும். கால் என்பதில் விவசாயிக்குச் சந்தேகம் கிடையாது. கால் என்றால் வாய்க்கால், நீர் ஓடும் வழி. கோடு தடுக்கும், கால் ஓடும். இந்த ஊர் கோட்டினால் சம்பாதித்திருக்கிறது, உண்மைதான். ஆனால் அந்தச் சம்பாத்தியமெல்லாம் கோட்டைத் தாண்டி ஓடியவற்றால் வந்தது. இதைத்தான் வரலாறாகவும் கணக்காகவும் சொல்லப் பார்க்கிறேன்.

காரைக்கால் அம்மையாரிடமிருந்து தொடங்குகிறேன். பக்திக்காக மட்டும் இல்லை, பொருளாதாரத்துக்காகவும்தான். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் எழுதிய அம்மையார் கதையை ஒரு துறைமுக ஊரின் ஆவணமாக ஒருமுறை படித்துப் பாருங்கள். தந்தை தனதத்தன், வணிகர் தலைவர். மாப்பிள்ளை பரமதத்தன், நாகப்பட்டினத்துப் பெருவணிகர் வீட்டுப் பிள்ளை. ஒரே மகள் என்பதால் மாப்பிள்ளையை இங்கேயே கடை வைத்து உட்கார வைக்கிறார் மாமனார். கடைக்கு வந்தவர்கள் கொடுத்த இரண்டு மாங்கனிகள் வீட்டுக்கு வருகின்றன. ஒன்று அடியாருக்குப் போகிறது. அதற்கு ஈடாக இறைவன் கனி தந்த அற்புதத்தைக் கண்டு மிரண்டுபோன கணவன், ‘கடல் வாணிகத்துக்குப் போகிறேன்’ என்று கலம் ஏறுகிறான். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஏன் வரவில்லை? ஆண்கள் கலம் ஏறிப் போவது இந்த ஊரில் அவ்வளவு சாதாரணம். வீட்டை விட்டு ஓடுகிறவனுக்குக்கூட நம்பத் தகுந்த சாக்கு அதுதான்.

போனவன் பொருள் ஈட்டிப் பாண்டி நாட்டுத் துறைமுகம் ஒன்றில் இறங்கி, இன்னொரு மணம் செய்து, பிறந்த மகளுக்குப் புனிதவதி என்று பெயர் வைக்கிறான். விட்டு வந்த மனைவியின் பெயர். இந்த இடத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு திரும்பி வருவேன். அம்மையாரோ உடலழகை உதறிப் பேயுருக் கொண்டு, கயிலையைக் காலால் மிதிக்கக் கூடாது என்று தலையால் நடந்து போனார். அற்புதத் திருவந்தாதியும் திரு இரட்டை மணிமாலையும் திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்களும் அவர் தந்தவை. தமிழில் பதிகம் என்ற வடிவத்துக்கே முன்னோடி ஒரு காரைக்கால் பெண் என்பதை வெளியூர்ப் பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் படிக்கிறார்கள். நாம் ஆனி மாதப் பௌர்ணமியில், மாங்கனித் திருவிழாவில் மாங்கனி பிடிக்கும்போது மட்டும் நினைத்துக்கொள்கிறோம்.

இனி கோட்டுக்கு வருவோம்.

பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நம் கடற்கரையில் ஒருவன் வடக்கிலிருந்து தெற்கே நடந்தால் என்ன பார்த்திருப்பான்? தரங்கம்பாடியில் டென்மார்க்குக் கொடி. அவர்கள் 1620இலேயே வந்துவிட்டார்கள். நாகப்பட்டினத்தில் டச்சுக் கொடி. 1658இல் போர்த்துகீசியரிடமிருந்து பிடுங்கியது. இரண்டுக்கும் நடுவே நாகூர் ஆண்டவர் தர்கா, மரக்காயர்களின் கப்பல்கள். ஒரே நாளில் நடந்து முடிக்கக்கூடிய கரை இது. இதில் பிரெஞ்சுக்காரனுக்கு மட்டும் இடம் இல்லை. அவன் புதுச்சேரியில் உட்கார்ந்திருந்தான். அங்கே துணி இருந்தது, துறை இருந்தது, சோறு குறைவு. தஞ்சை மண்டலத்தின் நெல் அவன் கண்ணில் உறுத்திக்கொண்டே இருந்தது.

1738இல் வாய்ப்பு வந்தது. தஞ்சை மராட்டிய அரியணையில் சண்டை. அரசர் சாகுஜிக்குப் பணமும் பீரங்கியும் தேவைப்பட்டன. புதுச்சேரியின் பிரெஞ்சு கவர்னர் துய்மா பேரம் பேசினார்: காரைக்கால், கருக்களாச்சேரிக் கோட்டை, கூடச் சில ஊர்கள். அரசர் ஒப்புக்கொண்டார்; நெருக்கடி கொஞ்சம் தளர்ந்ததும் பின்வாங்கினார். அப்போது ஆற்காட்டு நவாபின் மருமகன் சந்தா சாகிப் நடுவில் புகுந்து தன் படையை அனுப்பி ஊரைப் பிடித்துப் பிரெஞ்சுக்காரர் கையில் கொடுத்தார். 1739 பிப்ரவரியில் இங்கே பிரெஞ்சுக் கொடி ஏறியது. அடுத்து அரியணைக்கு வந்த பிரதாப சிம்மனும் தன் நெருக்கடிகளில் ஊர்களை விட்டுக்கொடுத்தார். 1750 வாக்கில் எண்பத்தோரு ஊர்கள் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தன.

நம் எல்லைக்கோடு அப்படிப் பிறந்ததுதான். ஒரு மலையோ ஆறோ மொழியோ அதை வரையவில்லை. கடனில் இருந்த ஓர் அரசரின் கையெழுத்து வரைந்தது. அதனால்தான் இன்றும் ஒரு வயலின் வரப்பு புதுச்சேரியில் இருக்கிறது, அதன் மடை தமிழ்நாட்டில் இருக்கிறது.

வரைந்த கோடும் ஒழுங்காக நிற்கவில்லை. 1760இல் ஆங்கிலேயர் பிடித்தார்கள். பாரிஸ் உடன்படிக்கைப்படி திருப்பிக் கொடுத்தார்கள். 1778இல் மறுபடி பிடித்தார்கள், 1785இல் கொடுத்தார்கள், 1793இல் பிடித்தார்கள். ஐரோப்பாவில் எவனோ எவனுடனோ சண்டை போட்டால் இங்கே கொடிமரத்தில் துணி மாறும். கடைசியாக 1817இல் பிரெஞ்சுக்காரரிடம் வந்தபோது கோட்டை இல்லை, படை இல்லை. காவலுக்கு மட்டும் ஆள் வைத்துக்கொள்ளலாம் என்பது நிபந்தனை.

உப்புகூடப் போயிற்று. 1815இல் லண்டனில் எழுதிய ஒப்பந்தப்படி பிரெஞ்சுப் பகுதிகளில் விளையும் உப்பின் மீதான உரிமையை ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டார்கள், ஈடாக ஆண்டுக்கு நான்கு லட்சம் ரூபாய். சில ஆண்டுகளில் உப்பு விளைவிப்பதையே நிறுத்தச் சொன்னார்கள். கடற்கரை ஊரில் உப்பெடுக்கக் கூடாது! 1930இல் வேதாரண்யத்தில் ராஜாஜி உப்பள்ளியதைப் பாடமாகப் படிக்கிறோம். அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே இந்தக் கரையின் உப்பை இரண்டு வல்லரசுகள் காகிதத்தில் விற்று வாங்கிவிட்டன.

கோட்டையும் உப்பும் போன பிறகு இந்தத் துறைமுகத்துக்கு என்ன சரக்கு மிச்சம்? மனிதர்கள்தான்.

இதை நிதானமாகச் சொல்ல வேண்டும். 1848இல் பிரான்சு தன் குடியேற்றங்களில் அடிமைமுறையை ஒழித்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டும். ரெயூனியன் தீவுக்கு 1820களின் கடைசியிலேயே நம் ஆட்கள் போகத் தொடங்கியிருந்தார்கள். 1853இல் முதல் கப்பல் மர்தினிக் போய்ச் சேர்ந்தது. 1854 கிறிஸ்துமசுக்கு முந்தின நாள் ‘ஒரேலி’ என்ற கப்பல் குவாதலூப் கரையைத் தொட்டது. புதுச்சேரியும் காரைக்காலும் ஆள் ஏற்றும் துறைகள். 1861இல் ஆங்கிலேய அரசும் பிரெஞ்சு அரசும் செய்துகொண்ட ஒப்பந்தத்தால் எல்லைக்கு அந்தப் பக்கத்துக் கிராமங்களிலிருந்தும் சட்டப்படி ஆள் பிடிக்க வழி திறந்தது. முப்பது, நாற்பது ஆண்டுகளில் குவாதலூப்புக்கு ஏறத்தாழ 42,000 பேர், மர்தினிக்குக்கு ஏறத்தாழ 25,000 பேர் இந்தியாவிலிருந்து போனார்கள். அதில் பெரும்பகுதி தமிழர்கள்.

அவர்கள் எல்லோரும் காரைக்கால்காரர்கள் இல்லை. தஞ்சை, திருச்சி, சேலம் என்று பல பக்கத்திலிருந்தும் வந்தார்கள். ஆனால் பலருக்குத் தாய்மண்ணில் கடைசியாகக் கால் பட்ட இடம் நம் கடற்கரை. ஐந்தாண்டு ஒப்பந்தம், கைநாட்டு, வாந்திபேதி, மாதக்கணக்கில் கடல். பெயரை எழுதிக்கொண்ட பிரெஞ்சு எழுத்தன் காதில் விழுந்தபடி எழுதினான். சிதம்பரம் ‘சிதம்பரோம்’ ஆனது. வீரப்பன் ‘விராப்பன்’ ஆனது. உகரத்துக்கு ஓ, யூ என்று இரண்டு எழுத்துப் போடுவார்களே, நம் தாத்தாக்களின் பத்திரத்தில் இன்றும் பார்க்கலாம். அதே எழுத்துக்கூட்டில் முத்துசாமியும் ராமசாமியும் இன்று கரீபியன் தீவுகளின் தொலைபேசிப் புத்தகங்களில் இருக்கிறார்கள்.

குவாதலூப்பில் பிறந்த ஆன்றி சிதம்பரோம் என்பவரின் கதை நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். ‘இந்தியத் தொழிலாளியின் பிள்ளை பிரெஞ்சுக் குடிமகன் இல்லை, வாக்காளர் பட்டியலில் இடமில்லை’ என்றபோது 1904இல் வழக்குக்கு நின்றார். 1923இல்தான் வென்றார். பத்தொன்பது ஆண்டு. அவர் பேசியது பிரெஞ்சு மொழி, பெயர் மட்டும் தில்லைக்கூத்தன் ஊர். பரமதத்தன் மகளுக்கு வைத்த பெயரை நினைத்துக்கொள்ளச் சொன்னேனே, அது இதற்காகத்தான். இந்தக் கரையிலிருந்து போனவர்கள் கையில் எடுத்துப் போக முடிந்த ஒரே சொத்து பெயர். மர்தினிக்கிலும் குவாதலூப்பிலும் நம் குழம்புப் பொடிக்கு நெருங்கிய சொந்தமான ஒரு மசாலாவுக்கு இன்றும் ‘கொலம்போ’ என்று பெயர். பெயரும் பொடியும் போய்ச் சேர்ந்தன. மொழி நடுக்கடலில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது.

ஊரில் இருந்தவர்களுக்குக் கோடு என்ன கொடுத்தது? ஒரு விசித்திரமான நாகரிகத்தைக் கொடுத்தது. 1880இல் பிறப்பித்த ஆணையால் கொம்யூன்கள் வந்தன. தேர்தல், நகர சபை, மேயர். எல்லைக்கு அந்தப் பக்கம் தாசில்தார் ராஜ்யம் நடந்தபோது இங்கே வாக்குப் பெட்டி வந்துவிட்டது. பெருமைப்படுவதற்கு முன் ஒரு நிமிடம்: அந்தக் காலத்துத் தேர்தல்களில் பெட்டியை விடத் தடிக்குத்தான் வேலை அதிகம். 1881இல் இன்னோர் ஆணை: சாதி, சமய வழக்குச் சட்டங்களைத் துறந்து பிரெஞ்சு உரிமைச் சட்டத்தை ஏற்பவர் குடிமகனாகலாம். சாதியின் கீழ்ப்படியில் வைக்கப்பட்டிருந்த பலருக்கு அது ஒரு கதவாக இருந்தது. குடும்பப் பெயர் ஒன்று எடுத்துக்கொண்டு, பட்டாளத்திலும், பிரெஞ்சு ஆட்சியிலிருந்த சைகோன் அலுவலகங்களிலும் வேலைக்குப் போனார்கள். ‘சொல்தா வீடு’, அதாவது பட்டாளக்காரர் வீடு, என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். அந்த வீட்டில் அரிசி தட்டாது, தபால்காரர் வந்தால் தெருவே எட்டிப் பார்க்கும்.

எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்தது ரயில். 1898 மார்ச் 14 அன்று பேரளம்–காரைக்கால் பாதை திறந்தது. ஏறத்தாழ 23 கிலோமீட்டர். பணம் போட்டது பிரெஞ்சு அரசு, வண்டி ஓட்டியது தென்னிந்திய ரயில்வே, தண்டவாளத்தின் ஒரு முனை ஆங்கிலேயர் பூமியில். இரண்டு சாம்ராஜ்யங்கள் நம் ஊருக்காகச் சேர்ந்து செய்த ஒரே நல்ல காரியம் இது என்பேன். சிறுவயதில் நான் அந்த மீட்டர்கேஜ் வண்டியில் போயிருக்கிறேன். திருநள்ளாற்றில் ஏறுகிறவர்கள் தலையில் எண்ணெய் வடியும். அம்பகரத்தூரில் காளி கோயில் கூட்டம். வண்டி எவ்வளவு மெதுவாகப் போகுமென்றால், வயலில் நாற்று நடுகிற அத்தை என் அம்மாவிடம் நலம் விசாரித்து, பதிலையும் வாங்கிக்கொள்வார். 1980களில் ‘லாபமில்லை’ என்று நிறுத்தினார்கள். தண்டவாளத்தையும் பெயர்த்துக்கொண்டு போனார்கள். ஒரு தலைமுறையே ரயில் சத்தம் இல்லாமல் வளர்ந்தது. 2011இல் நாகூர் வழியாக அகலப் பாதை வந்தது. இப்போது பேரளம் தடத்திலும் மறுபடி தண்டவாளம் போட்டிருக்கிறார்கள். 1898இல் தெரிந்த அறிவு நமக்குத் திரும்ப வர இத்தனை காலம் ஆனது.

1954 அக்டோபர் 18 அன்று புதுச்சேரிக்குப் பக்கத்தில் கீழூரில் வாக்கெடுப்பு. மாகியும் ஏனாமும் சில மாதங்களுக்கு முன்பே விடுபட்டுவிட்டன. ஆகவே வாக்களித்த 178 பேரும் புதுச்சேரி, காரைக்கால் பிரதிநிதிகள். 170 பேர் இந்தியாவோடு இணையலாம் என்றார்கள், 8 பேர் வேண்டாம் என்றார்கள். நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது. 1956இல் ஒப்பந்தம், பிரெஞ்சு நாடாளுமன்றம் ஏற்று 1962 ஆகஸ்டு 16 அன்றுதான் சட்டப்படி முடிந்தது. எட்டு ஆண்டு நாம் ஆட்சியால் இந்தியா, சட்டத்தால் பிரான்சு. அதன் பின் ஆறு மாத அவகாசம்: பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்பவர் எழுதிக் கொடுக்கலாம். ஒரே வீட்டில் அண்ணன் எழுதிக் கொடுத்தார், தம்பி எழுதவில்லை. அண்ணன் பேரன் பாரிஸ் புறநகரில் இருக்கிறான், தம்பி பேரன் இங்கே போட்டித் தேர்வுக்குப் படிக்கிறான். கோடு ஒருமுறை வீட்டு முற்றத்துக்குள்ளேயே வந்து விழுந்தது. 2022இல் பிரான்சு அதிபர் தேர்தலுக்குக் காரைக்காலிலும் ஒரு வாக்குச்சாவடி இருந்தது. வேட்டி கட்டிய பெரியவர்கள் மக்ரோனுக்கும் லெப்பென்னுக்கும் வாக்களித்துவிட்டு வந்து டீ குடித்தார்கள்.

புதிய ஏற்பாட்டில் நமக்குச் செல்வாக்கு இல்லாமல் போகவில்லை. முப்பது சட்டமன்றத் தொகுதிகளில் ஐந்து நம்முடையவை. 1967இல் முதலமைச்சரான பாரூக் மரைக்காயர் இந்த ஊர்ப் பிள்ளை, அப்போது அவருக்கு முப்பது வயதுகூட நிறையவில்லை. ராமசாமியும் சண்முகமும் இங்கிருந்து போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்கள். ஆனாலும் ஒரு கோப்பு நகர வேண்டுமென்றால் நாம்தான் நகர வேண்டியிருந்தது. ஒரு சான்றிதழில் விடுபட்ட ஒரு முத்திரைக்காக நான் புதுச்சேரிக்கு மூன்று நடை போயிருக்கிறேன். நாலு மணி நேரப் பேருந்து. சீர்காழியில் இட்லி, சிதம்பரத்தில் காபி, கடலூரில் கோபம், புதுச்சேரியில் ‘நாளை வாருங்கள்’. உங்களில் பாதிப் பேருக்கு இந்த அனுபவம் உண்டு என்று சிரிப்பிலேயே தெரிகிறது.

இனி தண்ணீர். அரசலாறு, பழைய பெயர் அரிசிலாறு, கும்பகோணத்துக்கு மேற்கே காவிரியிலிருந்து பிரிந்து நம் கடற்கரையில் வந்து முடிகிறது. குடகில் பெய்த மழைக்கு நாம் கடைமடை. காவிரி நடுவர் மன்றம் 2007இல் நமக்கு ஒதுக்கியது 7 டி.எம்.சி.; உச்ச நீதிமன்றம் 2018இல் அதை அப்படியே வைத்தது. காகிதத்தில் நான்கு மாநிலப் பங்காளிகளில் நாமும் ஒருவர். ஆனால் டி.எம்.சி. வாய்க்காலில் எழுதிக்கொண்டு வராது. மேட்டூர் திறந்து, கல்லணை திறந்து, தலைமடைக்காரன் நாற்றங்கால் நனைந்து, இடைமடைக்காரன் நடவு முடித்து, வழியில் ஆகாயத்தாமரை விட்ட மிச்சம்தான் நெடுங்காட்டு வயலுக்கு. கரை உடைந்தால் கேட்க வேண்டிய பொறியாளர் அந்த மாநிலத்தில் இருப்பார், கேட்கிற விவசாயி இந்த மாநிலத்தில் இருப்பார்.

2020இல் தமிழ்நாடு அரசு டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாகச் சட்டம் செய்தது. நடுவில் இருக்கும் நாம் அதில் இல்லை; இன்னொரு மாநிலச் சட்டம் நம் வரப்பைத் தொடாது. சம்பாவும், அறுவடைக்குப் பின் ஈரம் காயாத தரிசில் உளுந்தும் பருத்தியுமாக ஓடிய இந்த நிலத்தில், சாலையோரம் கல் நட்டு வண்ணக்கொடி கட்டிய மனைகளைப் பார்க்கிறீர்கள். புதுச்சேரிக்குச் சோறு போடவென்று துய்மா வாங்கிய ஊர் இது. இன்று நம் சோற்றுக்கான அரிசியே லாரியில் வருகிறது.

அடுத்ததைச் சபையில் சொல்லத் தயங்குவார்கள், நான் சொல்லிவிடுகிறேன். கோட்டில் விளைகிற பயிர் ஒன்று உண்டு: விலை வித்தியாசம். பிரெஞ்சுக் காலத்தில் வெளிநாட்டுச் சரக்கு சுங்கமில்லாமல் இறங்கியது. இறங்கிய சரக்கெல்லாம் இங்கேயே செலவானதாக யாரும் நம்பவில்லை. 1941இல் ஆங்கில இந்தியாவும் பிரெஞ்சு இந்தியாவும் சுங்கத்தை ஒன்றாக்கின. 1949இல் அது முறிந்து எல்லையில் சுங்கவேலி எழுந்தது. கைக்கடிகாரம் இடுப்பில் கட்டிப் போன கதைகளை நம் பாட்டிமார்கள் சொல்வார்கள். இன்று அந்த இடத்தில் பெட்ரோலும் மதுவும். தமிழ்நாட்டு வண்டி இங்கே வந்து இரண்டையும் நிரப்பிக்கொண்டு போகிறது.

உலகத்தில் நாம் மட்டும் இப்படி இல்லை. அமெரிக்காவின் மேற்கே நெவாடா மாநிலத்தில் ரீனோ என்று ஒரு சின்ன நகரம். சுற்றிலும் பாலைவனம், வருமானம் இல்லை. 1931இல் அந்த மாநிலம் சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கியது. அதே ஆண்டு, ஆறு வாரம் தங்கினால் விவாகரத்து என்றும் சட்டம் செய்தது. பக்கத்துக் கலிபோர்னியாக்காரர்கள் குவிந்தார்கள், ஊர் செழித்தது. பிறகு மற்ற மாநிலங்கள் தங்கள் சட்டங்களைத் தளர்த்தியபோது விவாகரத்து வியாபாரம் படுத்தது. பிறகு சூதாட்டத்துக்கும் அண்டை மாநிலங்களிலேயே கூடங்கள் வந்தன. பக்கத்து வீட்டுக்காரன் சட்டத்தை நம்பிப் பிழைக்கிற ஊருக்கு, அவன் ஒரு நாள் காலையில் மனம் மாறினால் போதும். நம் கடைத்தெருவும் அந்த மனம் மாறுவதற்கு முந்தின நாளில்தான் எப்போதும் இருக்கிறது. அதோடு, அந்த வருமானத்தின் செலவுப் பக்கத்தைக் குடும்பங்கள் எழுதுகின்றன. அதை எந்த பட்ஜெட்டிலும் படிப்பதில்லை.

கடலைப் பற்றிப் பேசாமல் எழுந்து போக முடியாது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. பட்டினச்சேரி, கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு, அக்கம்பேட்டை. பெயர்களைச் சொன்னாலே போதும், இந்த அரங்கில் சிலர் தலை குனிகிறீர்கள். நூற்றுக்கணக்கில் இழந்தோம். அலை நாகப்பட்டினத்தை ஒரு மாதிரியும் நம்மை ஒரு மாதிரியும் அடிக்கவில்லை. நிவாரணப் பட்டியல்தான் இரண்டாக இருந்தது. இன்றும் நம் விசைப்படகு நெடுந்தீவுப் பக்கம் பிடிபட்டால் உள்ளே இருப்பவர்களில் பாதிப் பேர் நாகை மாவட்டத்தார். கடலில் ஒரே படகு, கரையில் இரண்டு அரசுக்கு இரண்டு மனு.

துறைமுகத்தால் பிழைத்த ஊரில், நடுவில் துறைமுகமே தூர்ந்து போயிருந்தது. 2009இல் வாஞ்சூரில் தனியார் துறைமுகம் இயங்கத் தொடங்கியது. 2023இல் 1,485 கோடி ரூபாய்க்கு அதானி குழுமம் வாங்கியது. அங்கே இறங்கும் முக்கியச் சரக்கு நிலக்கரி. ரயிலில் ஏறி உள்நாட்டுக்குப் போகிறது. கரித்தூள் பற்றிய முறையீடு நாகூரிலிருந்தும் எழுந்தது. தூளுக்கும் எல்லை தெரியாது. மண்ணுக்கடியில் எரிவாயு கிடைத்ததால் ஓ.என்.ஜி.சி. வந்தது, திருமலைராயன்பட்டினத்தில் 32.5 மெகாவாட் மின்நிலையம் வந்தது. இவை வேலை தந்தன, மறுக்கவில்லை. ஆனால் பரமதத்தன் காலத்துத் துறைமுகத்தில் ஊர்க்காரன் கலம் வைத்திருந்தான். இன்றைய துறைமுகத்தில் ஊர்க்காரன் வாயிற்காவல் சீருடையில் நிற்கிறான். அந்த வேறுபாட்டைக் கவனிக்கச் சொல்கிறேன்.

வேறொரு விதமாகவும் இந்த ஊர் செழித்திருக்கிறது. கோட்டை நம்பாமல், கோடு தாண்டி வருகிறவர்களை நம்பிய செழிப்பு அது. திருநள்ளாற்றைப் பாருங்கள். சம்பந்தர் பாடிய பதிகத்து ஏடு மதுரையில் தீயில் வேகாமல் பச்சையாக நின்றதால் அது பச்சைப்பதிகம் என்பது மரபு. நளன் குளித்த குளம் என்று நம்பி, இரண்டரை ஆண்டுக்கொரு சனிப்பெயர்ச்சிக்கு லட்சக்கணக்கில் வருகிறார்கள். 2023 டிசம்பர் 20 அன்று தெலுங்கும் கன்னடமும் இந்தியும் நம் தெருவில் கேட்டன. சனி பகவானுக்குக் குடும்ப அட்டை எந்த மாநிலத்தது என்ற கவலை இல்லை. கொஞ்சம் தள்ளித் தருமபுரம்: சம்பந்தரின் பண் யாழுக்குள் அடங்காமல் போன யாழ்முரி பிறந்த தலம். தெற்கே திருமலைராயன்பட்டினம்: காளமேகப் புலவர் சினந்து மண்மாரி பொழியவைத்ததாகக் கதை சொல்லும் ஊர். மஸ்தான் சாகிப் தர்கா கந்தூரிக் கொடி ஊர்வலம் வரும்போது எல்லாத் தெருவும் வாசலில் நிற்கும். தேற்றரவு அன்னை கோயில் மணி அடித்தால் கடைவீதியில் நேரம் தெரியும்.

வானொலியையும் சொல்ல வேண்டும். காரைக்கால் பண்பலை 100.3 வைக்காத டீக்கடை டெல்டாவில் குறைவு. மன்னார்குடியிலும் வேதாரண்யத்திலும் வயல் வேலைக்கிடையே பாட்டு விரும்பிக் கேட்டவர்களுக்கு, இது வேறு மாநிலத்து நிலையம் என்று தோன்றியதே இல்லை. என்.ஐ.டி. திருவேட்டக்குடிக்கு வந்தது, வேளாண் கல்லூரி வந்தது, ஜிப்மரின் கிளை வந்தது. அங்கே வருகிற பிள்ளைகளும் பல மாநிலத்தார். கோட்டால் வந்த சலுகையில் கட்டிய கட்டடங்கள்தான் இவையும். ஆனால் இவற்றுக்கு மதிப்பு, கோடு தாண்டி வருகிறவர்களால் கூடுகிறது. மதுக்கடைக்கும் கல்லூரிக்கும் நான் காண்கிற வேறுபாடு இதுதான். முன்னதற்கு வருகிறவன் நிரப்பிக்கொண்டு போகிறான், பின்னதற்கு வருகிறவன் நான்கு ஆண்டு தங்கி ஊரையும் கொஞ்சம் நிரப்பிவிட்டுப் போகிறான்.

முடிக்கிறேன். பின்வரிசையில் மகிழ்ச்சி தெரிகிறது.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டுப் பரணில் ஒரு தகரப் பெட்டி இருக்கும். அதற்குள் நொத்தேர் எழுதிய பிரெஞ்சுப் பத்திரம், சைகோனிலிருந்து வந்த கடிதம், பட்டாளத்து ஓய்வூதியப் புத்தகம், பேரளத்துக்கு வாங்கிய அட்டைச் சீட்டு ஏதாவது கிடக்கும். மொழி புரியவில்லை என்று வெந்நீர் அடுப்பில் போட்டவர்களை எனக்குத் தெரியும். இனிப் போடாதீர்கள். வெளியே எடுங்கள், படம் பிடித்து வையுங்கள், படிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவர் இருக்கும்போதே படிக்கச் சொல்லிக் கேளுங்கள். குவாதலூப்பிலிருந்தும் ரெயூனியனிலிருந்தும் தன் முப்பாட்டன் ஊரைத் தேடிக்கொண்டு ஒருவர் இந்த லெமேர் வீதியில் வந்து நின்றால், சொல்வதற்கு நம்மிடம் ஒரு பெயராவது இருக்க வேண்டும்.

வாய்க்கால் தூர்ந்தால் என்ன ஆகும் என்று விவசாயிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனியில் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவான். அதே ஆனியில்தான் நாம் மாடியில் நின்று மாங்கனி வீசுகிறோம். இந்த ஆண்டு வீசிவிட்டு இறங்கும்போது பரணையும் ஒரு பார்வை பாருங்கள்.